எச்சரிக்கை முதல்ல வரணும்

ரவிசங்கர்: இல்லக்கா, போர்டுல ‘ஃபாஜில் டைப்பிங் - ஜெராக்ஸ்’னு போட்டிருக்கே... அந்த ஃபாஜில் சாரைத்தான் பாக்கணும்.

ஹலீமா: அவரு இல்லன்னு சொன்னேனே தம்பி.

ரவிசங்கர்: மன்னார்குடிலேயே வேற ஃபாஜில் டைப்பிங் இருக்கா?

ஹலீமா: இது ஒண்ணுதான். என்ன வேலையா வந்தீங்க? பாஸ்போர்ட் ஃபாரமா?

ரவிசங்கர்: அதெல்லாம் இல்லக்கா. பெங்களூர்லேர்ந்து வர்றேன். பேரு ரவிசங்கர். சொந்த ஊரு நீடாமங்கலம்தான், வீட்டை வித்துட்டுப் போயி பதினஞ்சு வருஷமாச்சு. சாருக்கு ஒரு கடுதாசி கொண்டாந்திருக்கேன்.

ஹலீமா: ...ரவிசங்கரா?

ரவிசங்கர்: ஆமாக்கா. ஏன்?

ஹலீமா: ஒண்ணுமில்ல. வெயில்ல நிக்காதீங்க, உள்ள பெஞ்சுல உக்காருங்க. கடுதாசியக் குடுங்க, நான் சேத்துடறேன்.

ரவிசங்கர்: அவரு கையிலயே குடுக்கணும்னு...

கமருன்னிஸா: ஹலீமா, என் பேப்பரு ஆச்சா? மூணு காப்பி கேட்டேனே.

ஹலீமா: ரெண்டு வந்துருச்சு கமருன்னிஸா. மூணாவது மெஷின்ல ஓடுது.

கமருன்னிஸா: தம்பி யாரு? ஏஜென்ட் ஆபீஸா?

ரவிசங்கர்: இல்லீங்க. ஃபாஜில் சாரைப் பாக்க வந்தேன்.

கமருன்னிஸா: ஃபாஜிலையா? என்ன தம்பி சொல்றீங்க, ஃபாஜிலு...

ஹலீமா: கமருன்னிஸா! இந்தா மூணாவது. மவனுக்கு வியாழக்கிழமை ஃப்ளைட்டுன்னியே, ஒரிஜினலை மறக்காம எடுத்துக்க.

கமருன்னிஸா: எடுத்துக்கிட்டேன்... ஆனா அந்தத் தம்பிகிட்ட...

ஹலீமா: நான் சொல்லிக்கிறேன். நீ கெளம்பு.

ரவிசங்கர்: என்னமோ சொல்ல வந்தாங்களே?

ஹலீமா: அவ எப்பவும் என்னமோ சொல்ல வருவா. டீ குடிக்கிறீங்களா? ஃபிளாஸ்குல இருக்கு.

ரவிசங்கர்: குடுங்கக்கா. சார் கம்ப்யூட்டர்ல என்ன செய்யறாருன்னு உங்களுக்குத் தெரியுமா?

ஹலீமா: கடைல எல்லா வேலையும்தான் நடக்குது. நீங்க எதைச் சொல்றீங்க?

ரவிசங்கர்: எப்படிச் சொல்றது... ‘நலம்’னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. சின்னச் சின்ன ஆஸ்பத்திரிங்களுக்காக. காசு கிடையாது, யாரு வேணா எடுத்துக்கலாம், யாரு வேணா திருத்தலாம். ஒலகம் பூரா ஆளுங்க வீட்ல உக்காந்து சும்மா எழுதித் தர்றாங்க. நானும் அதுல ஒருத்தன்.

ஹலீமா: சும்மாவா?

ரவிசங்கர்: சும்மாதான். அதுல பத்தொம்போது பிரிவு. மருந்துக் கணக்குக்கு ஒண்ணு, ரத்த வங்கிக்கு ஒண்ணு, பிரசவ வார்டுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணையும் எப்படி ஓட்டணும்னு சொல்லிக் குடுக்க ஒவ்வொரு வெப்சைட். பத்தொம்போது சைட்டையும் பத்தொம்போது பேரு எழுதினாங்களா... ஒரே வீட்ல பத்தொம்போது சமையக்கட்டு மாதிரி இருக்கும்.

ஹலீமா: உப்பு எங்க இருக்குன்னு தெரியாது.

ரவிசங்கர்: அதேதான்! ஒருத்தன் ‘மீட்டெடு’ம்பான், ஒருத்தன் ‘திரும்ப ஏத்து’ம்பான், மூணாவது ஆளு ‘இறக்கு’ம்பான். மூணும் ஒரே வேலைதான். தேடற கட்டம் ஒண்ணுல மேல, ஒண்ணுல கீழ, ஒண்ணுல இல்லவே இல்ல. அப்பதான் ரெண்டாயிரத்து எட்டுல எங்கேர்ந்தோ ஒரு மெயில் வந்துச்சு. எழுத்துக் கூட்டி எழுதின இங்கிலீஷு. ‘ஐயா, உங்க பத்தொம்போது மேனுவலையும் நான் பிரின்ட் எடுத்துப் படிச்சேன். ஒவ்வொண்ணும் சரியா இருக்கு. சேத்துப் படிச்சா பயமா இருக்கு.’

ஹலீமா: யாரு எழுதினதாம்?

ரவிசங்கர்: கீழ கையெழுத்து, ‘ஃபாஜில், மன்னார்குடி.’ எங்க ஊர்லேர்ந்து எட்டு மைல்!

ஹலீமா: அப்புறம் என்ன செஞ்சாரு?

ரவிசங்கர்: என்ன செய்யல? ஒரு பொருளுக்கு ஒரே பேருன்னு ஐநூறு வார்த்தைக்குப் பட்டியல் போட்டாரு. பத்தொம்போது சைட்டும் ஒரே ஃபைலைப் பாத்துத்தான் உடுத்திக்கணும்னு அமைச்சாரு. அந்த ஒரு ஃபைல்ல எழுத்தைப் பெருசாக்கினா எல்லாத்துலயும் பெருசாகும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலே பகுதி. இது எதுக்கு, தொடங்குறதுக்கு முன்னாடி, செய்முறை, தப்பாப் போனா என்ன செய்யணும். மூணு வருஷம்க்கா. ரெண்டாயிரத்து நூறு பக்கம்!

ஹலீமா: அவ்ளோ பக்கமா? எண்ணிப் பாத்தீங்களா?

ரவிசங்கர்: எண்ணினேன். நம்ப முடியாமத்தான் எண்ணினேன். நடுவுல ஒரு பெரிய சண்டை வேற.

ஹலீமா: என்ன சண்டை?

ரவிசங்கர்: ஆபத்தான வேலைக்கு எச்சரிக்கை எழுதுவோம்ல, ‘இதை அமுக்கினா பழசெல்லாம் அழிஞ்சிடும்’னு. அது செய்முறைக்கு முன்னாடிதான் வரணும்னு சார் பிடிவாதம். எங்க டீம்ல ஒருத்தன், ‘வேணாம், படிக்கிறவங்க மிரண்டுடுவாங்க, கடைசில போடுங்க’ன்னு ஒரே தகராறு. ஃபாஜிலை வேலைலேர்ந்து விலக்கணும்னுகூட நலத்தை நடத்துற கமிட்டிக்கு எழுதிட்டான். மூணு வாரம் இழுத்துச்சு...

ஹலீமா: நாலு.

ரவிசங்கர்: என்னக்கா?

ஹலீமா: சக்கரை... நாலு ஸ்பூன் போடவா?

ரவிசங்கர்: நாலா! ஒண்ணு போதுங்க.

ஹலீமா: அந்த ஒருத்தன்... ரொம்ப மோசமான ஆளோ?

ரவிசங்கர்: மோசம்னு இல்ல... கொஞ்சம் முரடு.

ஹலீமா: பேரு என்ன?

ரவிசங்கர்: பேரு... சட்டுனு ஞாபகம் வரல.

ஹலீமா: பரவால்ல. டீய ஆறவுடாதீங்க. கடுதாசி யாரு எழுதினது?

ரவிசங்கர்: மடகாஸ்கர்ல ஒரு நர்ஸம்மா. கடலோரத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கமிட்டி விலாசத்துக்குப் போட்டிருந்தாங்க. சார் பேருல இருக்கு, ஆனா... நீங்க வேணா படிங்க.

ஹலீமா: நீங்களே படிச்சுச் சொல்லுங்க தம்பி. என் கண்ணாடி உள்ள இருக்கு.

ரவிசங்கர்: ‘மதிப்புக்குரிய ஐயா, பிப்ரவரி மாசம் இங்க புயல் அடிச்சது. கூரை பறந்து கம்ப்யூட்டர் நனைஞ்சுபோச்சு. டாக்டர் வர வழியில்ல, பாலம் உடைஞ்சுபோச்சு. பிரசவத்துக்கு வந்த ஒரு பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. யாரு ரத்தம் சேரும்ங்கிற பட்டியல் அந்த மெஷினுக்குள்ள இருக்கு. ஊர்ல எழுநூறு பேரோட பட்டியல்.’

ஹலீமா: யா அல்லா...

ரவிசங்கர்: ‘நனைஞ்ச மெஷினோட டிஸ்க்கைக் கழட்டி, பழைய மெஷின் ஒண்ணுல மாட்டி, பட்டியலைத் திரும்ப ஏத்தணும். நான் மருந்துக் கணக்கு மட்டும்தான் பாப்பேன். ரத்த வங்கிப் பிரிவை என் ஆயுசுல தொட்டதில்ல. அதோட பக்கத்தைத் திறந்தேன். ஐயா, அது எனக்குத் தெரிஞ்ச பக்கம் மாதிரியே இருந்தது. மருந்துப் பக்கத்துல எது எங்க இருக்குமோ அது அங்கயே இருந்தது. என் கண்ணு தேடவே இல்ல. நேரா அந்த இடத்துக்குப் போச்சு.’

ஹலீமா: ...ம். அப்புறம்?

ரவிசங்கர்: ‘என் விரல் பட்டன் மேல இருந்தது. அதுக்கு முன்னாடி அந்த சிவப்புப் பட்டை. ‘முதலில் நகல் எடுக்கவும். எடுக்காமல் அமுக்கினால் பட்டியல் முழுதும் அழியும்’னு.’

ஹலீமா: செவப்பு இல்ல, ஆரஞ்சு. செவப்பு சில பேரு கண்ணுக்குத் தெரியாதுன்னுதான் ஆரஞ்சு வச்சு, பக்கத்துல முக்கோணமும்...

ரவிசங்கர்: ஆரஞ்சா?

ஹலீமா: படிங்க. ஏன் நிறுத்திட்டீங்க? அந்தப் பொண்ணு என்னாச்சு?

ரவிசங்கர்: அக்கா... அது ஆரஞ்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஹலீமா: கடைல கெடக்குறேன், கண்ணுல படாதா? அந்தப் பொண்ணு பொழைச்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்க மொதல்ல!

ரவிசங்கர்: பொழைச்சிடுச்சு. ‘நகல் எடுத்துட்டுத்தான் அமுக்கினேன், பட்டியல் வந்துருச்சு. மூணு மீனவங்க வந்து ரத்தம் குடுத்தாங்க. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. அந்தப் பக்கத்தை எழுதினவர் என் தோளுக்குப் பின்னாடி நின்னு, அவசரப்படாதேன்னு சொன்ன மாதிரி இருந்தது. உங்களுக்கு எங்க ஊரு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. ஆனா இங்க வந்துட்டுப் போனீங்க.’ அவ்ளோதான்.

ஹலீமா: வந்துட்டுப் போனீங்கன்னா எழுதியிருக்கா?

ரவிசங்கர்: ஆமா.

ஹலீமா: நான் தஞ்சாவூரு தாண்டி... இருங்க, கரண்டு போயிருச்சு! பத்து மணிக்கே புடுங்கிட்டானா? யூபிஎஸ்ஸு அஞ்சு நிமிஷம்தான் தாங்கும், நவருங்க தம்பி, சேவ் பண்ணிக்கிறேன்...

ரவிசங்கர்: அக்கா, அந்த ஸ்கிரீன்ல இருக்குறது...

ஹலீமா: நவருங்கன்னேன்ல!

ரவிசங்கர்: அது நலம். நலத்தோட பக்கம். தடுப்பூசிப் பிரிவு... அது இன்னும் வெளியவே வரலையே. பாதிதான் எழுதியிருக்கு. அக்கா... இதை யாரு...

ஹலீமா: அப்பாடா. சேவ் ஆயிருச்சு.

ரவிசங்கர்: நீங்களா? மூணு வருஷம்... ரெண்டாயிரத்து நூறு பக்கம்... நீங்களா!

ஹலீமா: உக்காருங்க தம்பி. எதுக்கு எந்திரிச்சு நிக்கிறீங்க?

ரவிசங்கர்: உக்கார முடியலக்கா. ஜெர்மனிலயும் பிரேசில்லயும் ஆளுங்க உங்க பக்கத்தை வச்சு மத்த சாஃப்ட்வேருக்கெல்லாம் சைட் கட்டறாங்க. ‘மன்னார்குடி முறை’னு ஒருத்தன் பேரே வச்சிட்டான். அந்த ஆளு எந்த யூனிவர்சிட்டில படிச்சாருன்னு எங்களுக்குள்ள பந்தயம்கூட நடந்துச்சு.

ஹலீமா: டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இங்கிலீஷுக்கு ஒரு டிக்ஷனரி. அட்டை கிழிஞ்சிருச்சு, பைண்ட் பண்ணி வச்சிருக்கேன்.

ரவிசங்கர்: சிரிக்காதீங்கக்கா. நெஜமா கேக்குறேன், இது எப்படித் தோணிச்சு உங்களுக்கு?

ஹலீமா: இங்க ஒரு டாக்டரு உங்க சாஃப்ட்வேரை எறக்கி, மேனுவலு பத்தொம்போதையும் பிரின்ட் போடச் சொன்னாரு. பக்கம் அடுக்கறப்ப ஒவ்வொண்ணாப் பாத்தேன். கடைசிப் பக்கத்துல ஒரு எச்சரிக்கை இருந்துச்சு. அப்புறம் அன்னிக்குக் கடைய சாத்திட்டேன்.

ரவிசங்கர்: எதுக்கு?

ஹலீமா: நீங்கல்லாம், படிக்கிறவங்க நாற்காலில சாஞ்சு உக்காந்து மொத பக்கத்துலேர்ந்து படிப்பாங்கன்னு நினைக்கிறீங்க. யாரும் அப்படிப் படிக்கிறதில்ல தம்பி. நிம்மதியா இருக்குறவங்க மேனுவலைத் தொடவே மாட்டாங்க. பயந்துபோய்த்தான் தொறப்பாங்க. பயந்த கண்ணு பழகின இடத்துக்குத்தான் போவும். அந்த இடத்துல வேற எதுவாவது இருந்துச்சுன்னா...

ரவிசங்கர்: ...சார் பேருல ஏன் எழுதினீங்க? உங்க பேரையே போட்டிருக்கலாமே.

ஹலீமா: மெயிலு கடையோடது. மொத பதிலே ‘டியர் மிஸ்டர் ஃபாஜில்’னு வந்துச்சு. திருத்தணும்னுதான் உக்காந்தேன். திரும்பத் திரும்ப அந்த வரியைப் படிச்சேன். அந்தப் பேரைக் கூப்புட்டு யாரும் எழுதிப் பதினோரு வருஷம் ஆயிருந்துச்சு. கூப்புடட்டுமேன்னு விட்டுட்டேன்.

ரவிசங்கர்: அக்கா... சார்...

ஹலீமா: என் வீட்டுக்காரரு தம்பி அவரு. தொண்ணூத்தேழுல மவுத்தாயிட்டாரு. சவூதில. நான் உங்ககிட்ட பொய் சொல்லல தம்பி, அவரு இல்லன்னுதான் சொன்னேன்.

ரவிசங்கர்: எப்படிக்கா?

ஹலீமா: ஒரு ஆலைல மெஷின் ஓட்டினாரு. ஆறு வருஷம் மொத யூனிட்டு. ஒரே ஒரு வாரம் ரெண்டாவது யூனிட்டுக்கு மாத்தி விட்டாங்க. அதே மெஷினுதான். கொதிக்கிற ஆவி போற குழாயி. உள்ள வர்ற வால்வுக்கு ஒண்ணாம் நம்பரு, வெளிய போறதுக்கு ரெண்டாம் நம்பரு, அதான் அவரு பழகினது. அன்னிக்கு ஏதோ அடைப்பு. ஒண்ணாம் நம்பரை மூடிட்டு குழாயைப் பிரிச்சாரு.

ரவிசங்கர்: அங்க நம்பரு மாறியிருந்துச்சா?

ஹலீமா: அங்க ஒண்ணுன்னா வெளிய போறது. உள்ள வர்ற ஆவி நிக்கவே இல்ல. ‘எல்லாம் மேனுவல்ல இருக்கு, அவரு படிக்கல’ன்னு கம்பெனி எழுதிருச்சு. சாமான் பெட்டில அவரு ரெண்டு சட்டை, ஒரு தொப்பி, அந்த ரெண்டு மேனுவலும் வந்துச்சு. படிக்கலன்னு சொல்றாங்களே, அப்படி என்னதான் எழுதியிருக்குன்னு பாக்க உக்காந்தேன். ஒரு வார்த்தை விடாம டிக்ஷனரி பாத்து எட்டு மாசம் படிச்சேன். மொத புத்தகத்துல தப்பே இல்ல. ரெண்டாவதுலயும் தப்பு இல்ல. ரெண்டையும் ரெண்டு ஆபீஸுல எழுதியிருக்காங்க. ‘இந்த யூனிட்டில் வால்வு எண்கள் மாறியிருக்கும், கவனம்’னு இருக்கு தம்பி. இல்லாம இல்ல. எண்பத்தெட்டுப் பக்கப் புத்தகத்துல எண்பத்தெட்டாவது பக்கத்துல இருக்கு.

ரவிசங்கர்: கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா.

ஹலீமா: இந்தாங்க. அழாதீங்க. நான் அழுது முடிச்சாச்சு. இன்னிக்கு நீங்க படிச்சீங்களே ஒரு கடுதாசி... அந்தப் பொண்ணுக்கு என்ன புள்ள பொறந்துச்சுன்னு எழுதலையா?

ரவிசங்கர்: எழுதல. கேட்டு எழுதுறேன்.

ஹலீமா: கேளுங்க. எங்கயோ கெடக்குற ஊரு... பாருங்களேன், நான் இந்த நாற்காலில உக்காந்து ஒரு பட்டையை மேல நவுத்தினேன். அங்க ஒரு உசுரு தங்கியிருக்கு. எனக்கு நம்பவே முடியல தம்பி.

ரவிசங்கர்: எனக்கும்தான்.

ஹலீமா: சரி, இப்ப நீங்க சொல்லுங்க. இதை மெயில்ல அனுப்பியிருக்கலாம். எதுக்கு அவ்ளோ தூரம் வந்தீங்க?

ரவிசங்கர்: அந்த சண்டை போட்டவன்...

ஹலீமா: நீங்கதான். வாசல்ல பேரு சொன்னப்பவே தெரியும்.

ரவிசங்கர்: தெரிஞ்சுமா டீ குடுத்தீங்க?

ஹலீமா: நாலு ஸ்பூன் சக்கரை போடலாம்னுதான் பாத்தேன்.

ரவிசங்கர்: மன்னிச்சிடுங்கக்கா. உங்களை விலக்கணும்னு கமிட்டிக்கு எழுதினேனே...

ஹலீமா: அது போவட்டும். ஆனா ஒண்ணு எனக்குப் புரியவே இல்ல. மத்தவங்க எல்லாரும் ஒரு வாரத்துல ஒத்துக்கிட்டாங்க. உங்க வேலைய நான் பாத்திருக்கேன், நீங்க விவரமான ஆளு. நான் சொன்னது சரின்னு உங்களுக்கா தெரியாது?

ரவிசங்கர்: மொத நாளே தெரியும்.

ஹலீமா: அப்புறம் ஏன்?

ரவிசங்கர்: ...தொண்ணூத்தாறுல காலேஜ் முடிச்சு மெட்ராஸ் போனேன். மொத வேலை ஒரு ஆபீஸ்ல. வெளிநாட்டு மெஷினுக்கெல்லாம் இங்கேர்ந்து எழுதிக் குடுக்குற வேலை.

ஹலீமா: என்ன எழுதிக் குடுக்குறது?

ரவிசங்கர்: மேனுவல். ஒரு மெஷினைக்கூடக் கண்ணால பாத்ததில்லக்கா. படம் வரும், பாத்து எழுதணும். பக்கத்து டேபிள்காரன் அதே மெஷினுக்கு வேற ஆலைக்கு எழுதுவான். அவன் எந்த நம்பரு போடறான்னு கேக்க நேரம் இருக்காது. ‘எடுத்ததும் ஆபத்துன்னு எழுதாதே, வாங்குறவன் பயந்துடுவான், கடைசில தள்ளு’ன்னு மேனேஜர் சொல்வாரு. தள்ளுவேன்.

ஹலீமா: அந்த ரெண்டு புத்தகமும் பீரோவுல இருக்கு தம்பி.

ரவிசங்கர்: கொண்டாங்கக்கா.

ஹலீமா: வேணாம்னு தோணுது.

ரவிசங்கர்: கொண்டாங்க. பாக்காம நான் இங்கேர்ந்து போக முடியாது.

ஹலீமா: ...இந்தாங்க. மெதுவா, தாளு ஒடியுது.

ரவிசங்கர்: எழுதின ஆபீஸ் பேரு பின்னட்டைல இருக்கும்... இருங்க.

ஹலீமா: உங்களோடதா?

ரவிசங்கர்: இல்ல. எங்க ஆபீஸே இல்ல. ரெண்டும் வேற எடம்.

ஹலீமா: அல்ஹம்துலில்லாஹ்... முகத்தைத் தொடைச்சுக்கங்க தம்பி. அப்புறம் என்ன? இது நீங்க இல்ல. நிம்மதியா ஊருக்குப் போங்க.

ரவிசங்கர்: இந்த ரெண்டும்தான் என்னோடது இல்லக்கா, அவ்ளோதான். கடுதாசி ஒரு சாக்கு... இந்தத் தாளைக் காட்டத்தான் வந்தேன். அந்த மெட்ராஸ் ஆபீஸ்ல ரெண்டு வருஷத்துல நான் எழுதினது, நாப்பத்தோரு புத்தகம். எந்த மெஷினு, எந்த ஆலைன்னு ஞாபகத்துலேர்ந்து எடுத்து எழுதியிருக்கேன். நீங்க சொன்னதை ஒத்துக்கிட்டா இந்த நாப்பத்தொண்ணும் தப்புன்னு ஆயிடும்ல, அதான் நாலு வாரம் எதுத்து நின்னேன். இதுல எத்தனை மெஷினு இன்னமும் ஓடுதுன்னு தெரியாது. ஒவ்வொரு ஆலைக்கும் எழுதிக் கேட்டு, எச்சரிக்கையை மேல ஏத்தணும்க்கா... தனியா அந்தப் புத்தகங்களைத் தொறக்க எனக்கு தைரியம் இல்ல. ஃபாஜில் சாரை என்கூட உக்காருங்கன்னு கேக்கத்தான் வந்தேன்... இப்ப உங்களைக் கேக்குறேன்.